ஆலை மூடின ஊரை நிர்வாகம் பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மில்லு, எஃகு ஆலை, சுரங்கம், கார் ஃபேக்டரின்னு ஒரு காலத்துல மூணு ஷிப்டும் ஓடி இப்ப பாதிக்கு மேல பூட்டிக் கெடக்கிற ஊருங்க உலகம் பூரா இருக்கு. அந்த மாதிரி ஊருங்கள நிர்வாகம் பண்ற மேயர், கமிஷனர், கவுன்சிலர், தொழில்துறை அதிகாரிங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இந்த மடல். நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். ஊரை விட்டுப் போன கம்பெனியையும் ஜனங்களையும் எப்படித் திரும்பக் கூட்டிட்டு வர்றதுன்னு இத்தனை வருஷமா மண்டையைப் போட்டு உடைச்சிக்கிறீங்களே, அதுல ஒரு பங்கு அக்கறையை இன்னும் இங்கயே குடியிருக்கிறவங்க மேல காட்டுங்க.

வேற போக்கிடம் இல்லாதவங்கதான் இங்க மிச்சம் இருக்காங்கங்கிற நினைப்பு உங்கள்ல நிறைய பேருக்கு இருக்கு. போக்கிடம் இல்லாதவங்களும் இருக்காங்க, இல்லேன்னு சொல்லல, ஆனா யோசிச்சுப் பாத்து தெரிஞ்சே தங்கினவங்களும் எத்தனையோ பேர். ஒரே சம்பளத்துல சொந்த வீடு வாங்குறது பெரிய நகரத்துல இன்னிக்கு யாருக்கு முடியுது? இங்க முடியுது. வாடகைக்கே பாதி சம்பளம் போறது கிடையாது, வேலைக்குப் போக ரெண்டு மணி நேரம் டிராஃபிக்ல நிக்கறது கிடையாது, புதுசா ஒரு பட்டறையோ ஸ்டுடியோவோ போடணும்னா அட்வான்ஸ் குடுத்தே திவாலாக வேண்டியது இல்ல. ஜெர்மனியில லைப்ஸிக் நகரத்துல 1990க்கு அப்புறம் ஆலைங்க மூடி ஜனங்க கொத்துக் கொத்தா மேற்கு பக்கம் கெளம்பினதுல பல்லாயிரக்கணக்கான வீடு காலியாச்சு. அங்க 2004ல ஒரு அமைப்பு ஒரு ஏற்பாடு பண்ணுச்சு, இடிஞ்சு போகப்போற பழைய வீட்டை வாடகை இல்லாம குடுக்கிறது, உள்ள வர்றவங்க குழாயையும் கூரையையும் ஒழுங்கா பாத்துக்கணும், அவ்வளவுதான் கண்டிஷன். ஓவியம் வரையறவங்க, சின்னச் சின்ன தொழில் பண்றவங்க எல்லாம் உள்ள வந்தாங்க, கட்டடமும் தப்பிச்சுது. ஆளு இல்லாத அந்த ஊரு இன்னிக்கு 6 லட்சத்தைத் தாண்டிடுச்சு. அதுக்கு இது ஒண்ணு மட்டும் காரணம் இல்லதான், ஆனா இடம் சும்மா கெடக்குறது ஒரு சொத்துங்கிறதை அவங்க சரியான நேரத்துல புரிஞ்சிக்கிட்டாங்க.

இன்னொரு சொத்து, கை வேலை. ஒரு லேத் பட்டறையில போய் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. எங்கயோ பம்புல உடைஞ்ச ஷாஃப்டைக் கொண்டு வந்து குடுப்பாங்க, டிராயிங் கெடையாது, கம்பெனியும் இப்ப கெடையாது. அந்த டர்னர் உடைஞ்ச முனையைத் திருப்பித் திருப்பிப் பாப்பாரு, விரலால தடவிப் பாத்து எங்க தேஞ்சிருக்குன்னு சொல்லுவாரு, வெர்னியர் வச்சு நாலு எடத்துல அளவெடுத்து சாக்பீஸ்ல மிஷின் மேலயே எழுதிக்குவாரு, சாயங்காலத்துக்குள்ள புது ஷாஃப்ட் ரெடி. முப்பது வருஷ அனுபவம் அந்த விரல்ல இருக்கு. அந்த ஆளு ரிட்டயர்டு ஆனா அந்த வித்தை அவரோட போயிடும், ஏன்னா அவருக்குக் கீழ கத்துக்க ஒரு பையனை சேத்து விட உங்ககிட்ட ஒரு திட்டமும் கெடையாது. வெளிநாட்டு முதலீட்டாளரைப் பாக்க ஃபிளைட் ஏறிப் போறதுக்கு மட்டும் பட்ஜெட் இருக்கு. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதுன்னு சும்மாவா சொன்னாங்க.

கஷ்டம் என்னன்னும் சொல்லிடறேன், ஏன்னா அதை மறைச்சு ஊரைப் பெருமையா மட்டும் பேசுற ஆளு நான் இல்ல. வீடு மலிவுங்கிறதே வாங்குறவங்களுக்கு வரம், ஏற்கனவே வச்சிருக்கிறவங்களுக்குக் கால் விலங்கு. வாழ்நாள் பூரா உழைச்சு கட்டுன வீட்டை வித்தாலும் வேற ஊர்ல ஒரு ரூம் வாங்க முடியாது, அதனால போகவும் முடியாது. கூரை ஒழுகுதுன்னு ரிப்பேர் பண்ணா செலவு பண்ற காசு வீட்டு விலையில திரும்ப வராது, அதனால ரிப்பேரும் பண்ண மாட்டாங்க, அந்த வீடு பாழானா பக்கத்து வீட்டு விலையும் எறங்கும், இப்படியே ஒரு தெருவே போயிடும். படிச்ச பிள்ளைங்க கெளம்பிடுவாங்க, ஸ்கூல்ல பிள்ளைங்க கம்மின்னு ரெண்டு ஸ்கூலை ஒண்ணாக்குவீங்க, பஸ்ஸுல கூட்டம் இல்லேன்னு ட்ரிப்பை குறைப்பீங்க, ட்ரிப்பு குறைஞ்சதால பஸ்ஸை நம்பி வேலைக்குப் போன நாலு பேரும் ஊரை விட்டுப் போவாங்க, அப்புறம் பாருங்க ஆளே இல்லேன்னு அந்த ரூட்டையே எடுத்துடுவீங்க. வேலை போன வீட்டுல குடியும் சண்டையும் எப்படி நுழையுதுன்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா.

இதுக்கெல்லாம் அடியில ஒரு கணக்கு இருக்கு, அதை நேர்மையா ஜனங்க முன்னாடி வைங்க. அமெரிக்காவுல கார் ஃபேக்டரிங்களுக்குப் பேர் போன டெட்ராய்ட்ல 1950ல 18.5 லட்சம் பேர் இருந்தாங்க, 2020 கணக்கெடுப்புல 6.4 லட்சம் கூட இல்ல. ஆனா ஊரோட பரப்பு அதே கிட்டத்தட்ட 360 சதுர கிலோமீட்டர்தான், ரோடு அதேதான், மண்ணுக்கடியில ஓடற குழாயும் அதேதான். மூணு பேர் கட்டின வரியில நடந்த ஊரை ஒருத்தர் வரியில நடத்தணும், அதுவும் மிச்சம் இருக்கிறவங்கள்ல பாதிப்பேர் ஏழைங்களும் வயசானவங்களும். பெரிய குழாயில தண்ணி செலவு கம்மியானா உள்ளயே தேங்கி நிக்கும், குளோரின் வீரியம் போயிடும், அதனால ஆளு கொறஞ்சா செலவு கொறையும்ங்கிறது குழாய் விஷயத்துல நடக்காது. இன்னொண்ணும் கவனிங்க, டெட்ராய்ட்டைச் சுத்தி இருக்கிற புறநகரையும் சேத்துப் பாத்தா இன்னிக்கும் 40 லட்சம் பேருக்கு மேல இருக்காங்க. ஆளும் பணமும் மாநகராட்சி எல்லைக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுச்சு, கடனும் பழைய குழாயும் பென்ஷன் பாக்கியும் இந்தப் பக்கம் தங்கிடுச்சு. 2013 ஜூலையில அந்த நகரம் திவால் மனு போட்டப்போ கடன் 1,800 கோடி டாலர்னு கணக்கு சொன்னாங்க. தொழில் போனதால மட்டும் ஊரு நொடிஞ்சுதுன்னு சொல்றவங்க இந்த எல்லைக் கோட்டைப் பத்தி பேசவே மாட்டாங்க, நீங்களும் பேசறது இல்ல.

கணக்கை மட்டும் பாத்து மனுஷனை மறந்தா என்ன ஆகும்னு அதே அமெரிக்காவுல ஃபிளின்ட் ஊரைப் பாருங்க. கார் ஃபேக்டரிங்க போய் கஜானா காலியாகி, மாநில அரசு நியமிச்ச நிர்வாகி கையில ஊரு இருந்த நேரம். செலவைக் குறைக்க 2014 ஏப்ரல்ல குடிதண்ணியை ஏரியிலேர்ந்து ஆத்துக்கு மாத்துனாங்க. அந்தத் தண்ணி குழாயை அரிக்காம இருக்கப் போட வேண்டிய மருந்தைப் போடல. பழைய குழாயில இருந்த ஈயம்ங்கிற விஷம் கரைஞ்சு தண்ணியில வந்துச்சு. ஜனங்க கலர் மாறுது, நாத்தம் வருதுன்னு பாட்டில்ல புடிச்சுக் கொண்டு வந்து காட்டினாங்க. அதே வருஷம் அக்டோபர்ல அங்க மிச்சம் இருந்த எஞ்சின் ஃபேக்டரி இந்தத் தண்ணி எங்க பார்ட்ஸை அரிக்குதுன்னு சொல்லி வேற எடத்துத் தண்ணிக்கு மாறிடுச்சு. இரும்புக்கு ஆகாத அந்தத் தண்ணியை அதுக்கப்புறமும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் குழந்தைங்க குடிச்சாங்க, 2015 அக்டோபர்லதான் பழைய தண்ணிக்குத் திரும்பினாங்க. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது. ஃபேக்டரி சொன்னதும் நடந்துச்சு, குடியிருக்கிறவங்க கத்தினது காதுல விழல.

கம்பெனி பின்னாடி ஓடற விஷயத்துக்கு வர்றேன். ஜெர்மனியில போகும் (Bochum)னு ஒரு நகரம், அங்க நோக்கியா ஃபேக்டரிக்கு அரசு மானியமா கோடிக்கணக்குல குடுத்துச்சு, 2008ல அதை மூடிட்டு ருமேனியாவுல க்ளூஜ்க்கு போனாங்க, க்ளூஜ்லயும் 2011ல மூடறதா அறிவிச்சாங்க. அதே கம்பெனியோட ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பர்ல நின்னு போனது நம்ம எல்லாருக்கும் தெரியும். அமெரிக்காவுல விஸ்கான்சின்ல 2017ல ஃபாக்ஸ்கான் 13,000 வேலைன்னு அறிவிச்சப்ப அரசு 300 கோடி டாலர் அளவுக்கு சலுகை தர்றதா சொன்னாங்க, 2021ல ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதும்போது அந்த எண்ணிக்கை 1,454க்கு வந்து நின்னுச்சு. கம்பெனியைத் திட்டறதுக்காக இதைச் சொல்லல, லாபம் எங்கயோ அங்க போறதுதான் கம்பெனியோட வேலை. ஒரே ஒரு பெரிய ஆலையை நம்பி ஊரைக் கட்டி ஒரு தடவை அடி வாங்கின பிறகு திரும்பவும் அதே மாதிரி இன்னொரு ஒத்தை ஆலையைத் தேடி ஓடறீங்களே, அதான் எனக்குப் புரியல. அமெரிக்காவுல யங்ஸ்டவுன்ங்கிற ஊர்ல 1977 செப்டம்பர் 19, ஒரு திங்கக்கிழமை, ஒரு எஃகு ஆலையை மூடறோம்னு அறிவிப்பு வந்துச்சு, 5,000 பேர் அளவுக்கு வேலை போச்சு. கோலார் தங்கவயல்ல 2001 பிப்ரவரி 28ல சுரங்கம் மூடினதோட நூறு வருஷத்துக்கு மேல அதையே நம்பியிருந்த குடும்பங்க நடுத்தெருவுல நின்னுச்சு, அதுல பெரும்பகுதி தமிழ்க் குடும்பங்க. இன்னிக்கும் இருட்டோட எழுந்து ரயில் புடிச்சு பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டு ராத்திரி வந்து படுக்கிறவங்க அங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. தங்கம் எடுத்தது போக மிஞ்சின சயனைடு மண்ணு மலை மலையா அங்கயே கெடக்கு, காத்தடிச்சா தூசி வீட்டுக்குள்ள வருது. தங்கம் போன எடம் வேற, தூசி தங்கின எடம் வேற.

ஸ்பெயின்ல இருக்கிற பில்பாவ்ங்கிற பழைய ஆலை நகரம் மாதிரி ஒரு மியூசியம் கட்டிட்டா சரியாயிடும்னு சில பேர் சொல்றாங்க. 1997ல அந்த குகன்ஹைம் மியூசியம் தொறந்ததை மட்டும்தான் எல்லாரும் பாக்கறாங்க. அதுக்கு முன்னாடியே 1995ல அங்க மெட்ரோ ஓட ஆரம்பிச்சாச்சு, ஆலைக் கழிவு கலந்து செத்துக் கெடந்த ஆத்தை சுத்தம் பண்ற வேலை எண்பதுகள்லயே தொடங்கியாச்சு. மியூசியத்துக்கு ரிப்பன் வெட்டலாம், சாக்கடைக் குழாய்க்கு வெட்ட முடியாது, அதனாலயோ என்னவோ இந்தப் பாதியை யாரும் காப்பி அடிக்கறது இல்ல. எனக்குப் புடிச்ச உதாரணம் ஜெர்மனியோட ரூர்ங்கிற நிலக்கரிச் சுரங்கப் பகுதிதான். அங்க எம்ஷர்னு ஒரு ஆறு. சுரங்கம் தோண்டத் தோண்ட நிலம் உள்வாங்கும், மண்ணுக்கடியில சாக்கடைக் குழாய் போட்டா உடைஞ்சிடும், அதனால நூறு வருஷமா ஆத்தையே தொறந்த சாக்கடையா வச்சிருந்தாங்க. சுரங்கம் வடக்குப் பக்கம் நகர்ந்த பிறகு 1990கள்ல ஆரம்பிச்சு 30 வருஷம், 500 கோடி யூரோவுக்கு மேல செலவு பண்ணி குழாயைக் கீழ புதைச்சு, 2021 கடைசியில கழிவுநீர் கலக்காத ஆறா அதை மாத்தினாங்க. எத்தனை எலெக்‌ஷன், எத்தனை மேயர் மாறியிருப்பாங்க, வேலை நிக்கல. நிலக்கரி நொடிய ஆரம்பிச்ச கொஞ்ச வருஷத்துலயே, 1965ல, அதே பகுதியில இருக்கிற போகும் (Bochum) நகரத்துல பல்கலைக்கழகமும் தொறந்தாங்க. அந்தப் பகுதியில இன்னிக்கும் வேலையில்லாதவங்க அதிகம்தான், சொர்க்கம் ஆயிடல. ஆனா அங்க இருக்கிற ஒரு தொழிலாளியோட பேரனுக்கு ஆத்தங்கரையில சைக்கிள் ஓட்ட முடியுது, வீட்டுப் பக்கத்துலயே காலேஜ் இருக்கு.

திவாலான டெட்ராய்ட்லயே கூட ஒரு நல்ல விஷயம் நடந்துச்சு. 2013ல தெரு விளக்குல 100க்கு 40 எரியலைன்னு அரசு அறிக்கையே சொல்லுச்சு. 2016 கடைசிக்குள்ள 65,000 எல்இடி விளக்கு போட்டு முடிச்சாங்க. இருட்டுல பஸ் ஸ்டாப்புல நின்னு பழகின ஒரு அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு ஆபீஸ்ல உக்காந்து பாத்தா தெரியாது. 2023 மதிப்பீட்டுல பல பத்து வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையா ஜனத்தொகை கொஞ்சம் ஏறியிருக்கு, விளக்கு போட்டதாலதான்னு நான் சொல்ல வரல, ஆனா விளக்கு எரியாத தெருவுக்கு எவனும் குடி வர மாட்டான்.

சரி, கேக்க வேண்டியதைக் கேட்டுடறேன். ஊரு சின்னதாயிடுச்சுன்னு ஒத்துக்கிட்டு அதுக்கேத்த திட்டம் போடுங்க, யங்ஸ்டவுன் 2005ல அதை வெளிப்படையா எழுதியே வச்சாங்க. ஆனா எந்தத் தெருவுக்கு இனிமே குழாயும் பஸ்ஸும் கெடையாதுன்னு நீங்களே மேப்புல கோடு போட்டுட்டு வந்து சொல்லாதீங்க, அந்தத் தெருக்காரங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுங்க, எடம் மாறச் சொன்னா கால் விலங்கு மாதிரி இருக்கிற அந்த வீட்டுக்கு நியாயமான விலை குடுங்க. மூடின ஆலை நிலத்து மண்ணையும் பக்கத்துக் கிணத்துத் தண்ணியையும் டெஸ்ட் பண்ணி ரிசல்ட்டை ஜனங்க படிக்கிற மாதிரி போர்டுல ஒட்டுங்க. தூசியில வேலை பாத்தவங்களுக்கு நுரையீரல் நோய் இருபது முப்பது வருஷம் கழிச்சுக் கூட வரும், ஆலை மூடின தேதியோட அவங்க மருத்துவச் செலவையும் மூடிடாதீங்க. பட்டறையில கத்துக்கற பசங்களுக்கு உதவித்தொகை குடுங்க, சொல்லித்தர்ற அந்தப் பெரியவருக்கும் ஒரு தொகை குடுங்க.

அடுத்த பெரிய கம்பெனியோட கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த ஒப்பந்தத்தைப் பொதுவுல வைங்க. எத்தனை வேலை, எந்த வருஷத்துக்குள்ள, பர்மனென்ட்டா காண்ட்ராக்ட்டா, சொன்னபடி தரலேன்னா குடுத்த சலுகையை எப்படித் திருப்பி வாங்குவீங்க, பாதியில கெளம்பினா நிலத்தை யாரு சுத்தம் பண்றது, இவ்வளவும் எழுத்துல இருக்கணும். படிச்சுப் பாத்து ஆட்சேபம் சொல்ல எங்களுக்கு ரெண்டு மாசமாவது டைம் குடுங்க.

இப்படிக்கு,
தொழில் நகரத்துல குடியிருக்கிற ஒருத்தர்