பேரனுக்குக் கண்ணாடி

பினாங்கு

அன்புள்ள லெட்சுமி,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். பேரனுக்குக் கிட்டப்பார்வை, பவர் 200 (அதாவது மைனஸ் 2) வந்துவிட்டதே என்று ஒரேயடியாகப் புலம்பியிருக்கிறாய். முழுப் பவரும் போட்டால் கண் கெட்டுவிடும், 125-க்குப் போட்டால் போதும் என்கிறாளாம் உன் மருமகள். வேண்டவே வேண்டாம். நம் மலேசியாவிலேயே 9 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 94 பேரை இரண்டு ஆண்டு பரிசோதித்தார்கள், முடிவு 2002-இல் வெளிவந்தது. குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியிருக்கிறது.

கிட்டப்பார்வை பெரும்பாலும் விழி நீளமாக வளர்ந்துவிடுவதால் வருகிறது. தூரத்துப் பிம்பம் விழித்திரையை எட்டாமல் முன்னாலேயே விழுந்துவிடும். கண்ணாடியில் இருக்கும் குழிவான வில்லை அதைப் பின்னுக்குத் தள்ளிச் சரியான இடத்தில் விழவைக்கிறது. பவர் 200 என்றால் கண்ணாடி இல்லாமல் அரை மீட்டர் வரைதான் தெளிவு. பாவம், வகுப்புப் பலகையை எப்படிப் படிப்பான்? நீண்ட விழி திரும்பச் சுருங்காது என்பது உண்மைதான். ஆனால் சின்னப் பேரன் இருக்கிறானே, அவனைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விளையாட விடு. பகல் வெளிச்சம் கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடும்.

என் வீட்டுக்காரர் கதை வேறு. வெள்ளெழுத்துக்குப் பாசாரில் ரெடிமேடாக வாங்கிய கண்ணாடியிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். இரவில் பினாங்குப் பாலத்தில் விளக்கெல்லாம் கோடு கோடாக இழுக்கிறது என்றதும் கண்ணாடிக் கடைக்கு இழுத்துப் போனேன். இயந்திரத்துக்குள் பலூன் படம் ஒன்று மங்கி மங்கித் தெளிந்ததாம். கண் எதையும் உற்றுப் பார்க்காமல் தளரட்டும் என்றுதான் அப்படி மங்க வைக்கிறார்களாம். அப்புறம் கனமான ஒரு ஃபிரேமை மூக்கில் மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டார் அங்கே கண் பரிசோதிக்கும் பெண். இவரோ பரீட்சைக்கு வந்த பையன் போல, "எது சரியான பதில்?" என்கிறார்!

கடைசியில் சிலிண்டர், அதாவது ஒரு திசைக்கு மட்டும் போடும் பவர், 125; அது எந்தக் கோணத்தில் என்று சொல்லும் ஆக்சிஸ் 90. கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லையாம். பாசார் கண்ணாடியில் சிலிண்டர் ஏது? 40 வயதுக்கு மேல் கண்ணின் வில்லை இறுகிப்போவதால் வரும் வெள்ளெழுத்துக்கு மட்டும்தான் அது ஆகும், அதுவும் இரண்டு கண்ணும் ஒரே அளவாக இருந்தால். எனக்கு அப்படி இருப்பதால் நான் தப்பித்தேன்.

சரி, பேரனுக்கு என்ன நிற ஃபிரேம் வாங்கினீர்கள்? மறக்காமல் எழுது.

அன்புடன்,
கமலா