கனடாவுக்குப் போகும் சாரதிகளுக்குக் குளிரையும் படிப்பியுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவில் ட்ரக் ஓட்டப் போகும் எங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கடந்த வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். சம்பளம், லைசென்ஸ், ஒன்ராறியோவில் 2017இல் கட்டாயமாக்கிய 103.5 மணிநேரப் பயிற்சி எல்லாம் விபரமாக இருந்தது. குளிரைப் பற்றி மட்டும் தடித்த ஜக்கெற் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரே வரி. எஞ்சினை அந்தக் குளிருக்கு எப்படித் தயார்படுத்துவது என்று ஒரு சொல்லும் இல்லை. வின்னிபெக்கில் ஒரு ட்ரக் கம்பனியின் கராஜில் பல பனிக்காலம் வேலை செய்துவிட்டு வந்து, இப்போது கிளிநொச்சியில் லொறி திருத்துகிறவன் நான். இந்த விஷயத்தைப் பெடியள் விமானம் ஏறுவதற்கு முன்னரே, வன்னியிலேயே படிப்பிக்க வேண்டும் என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பெடியள் கெட்டிக்காரர்கள். ஒரு ஸ்பானரையும் குறட்டையும் வைத்துக்கொண்டு நடுக்காட்டில் லொறியைக் கிளப்பி ஓட்டிவிடுவார்கள். ஆனால் வெக்கை நாட்டில் பழகிய கைகள். ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்தால் மாங்குளம் சந்தியில் நிறுத்தி, தேத்தண்ணிக் கடையில் ஒரு வாளி தண்ணீர் கேட்டு ஊற்றிவிட்டுப் போவோம். அதனால் இங்கே வரும் கேடு மெதுவாக வரும். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு ரேடியேற்றர் குழாய்களில் படியும், உள்ளே துரு பிடிக்கும், சில வருடம் கழித்து எஞ்சின் கொதிக்கத் தொடங்கும். அங்கே அதே வாளித் தண்ணீர் ஓர் இரவில் எஞ்சினை முடித்துவிடும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும். அந்தப் பெருக்கத்துக்கு எஞ்சின் புளொக்கின் வார்ப்பிரும்பே வெடிக்கும். வெடித்தால் பெரும்பாலும் முழு எஞ்சினும் போச்சு.

அதனால்தான் ரேடியேற்றருக்கு வெறும் தண்ணீருக்குப் பதிலாக, குளிரில் உறையாத கூலன்ட் ஊற்ற வேண்டும். எதிலின் கிளைக்கோல் என்ற திரவமும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 பாகை செல்சியஸ் வரை உறையாது. 60 வீதம் கிளைக்கோல் போட்டால் மைனஸ் 50 வரை தாங்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூடப் போட்டால் கூடக் காவல் என்று நினைத்துத் தனிக் கிளைக்கோலை ஊற்றக்கூடாது. தனிக் கிளைக்கோல் மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும். கலவை சரியா என்று பார்க்கக் கைக்கு அடக்கமான ஒரு கருவி இருக்கிறது. அதன் கண்ணாடியில் ஒரு துளி கூலன்டை விட்டு மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தால் நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு தெரியும். அந்தக் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுவரைதான் எஞ்சினுக்குப் பாதுகாப்பு. பார்த்து முடிக்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது டீசல். இதைத்தான் நான் ஆறுதலாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் புதிதாகப் போகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். மார்கழி விடியலில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்து நிற்பதுபோல டீசலும் உறையும். டீசலில் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. குளிர ஆரம்பித்ததும் அது முதலில் பனிப்புகார் மாதிரித் தெரியும், பிறகு துணுக்குகளாகத் திரண்டு பில்டரை அடைக்கும். தாங்கி நிறைய டீசல் இருக்கும், எஞ்சினுக்கு ஒரு சொட்டும் போகாது.

என் தங்கையின் மகனுக்கு இதுதான் நடந்தது. தை மாதம், அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் தாங்கி நிரப்பிக்கொண்டு வடக்கே வந்தான். கனடாவில் டீசல் சுத்திகரிப்பவர்கள் பனிக்காலத்துக்கென்று தனியாகக் கலந்து விற்பார்கள். தெற்கே விற்கிற டீசல் அந்தக் குளிருக்கு ஏற்றதல்ல. எமர்சன் எல்லையைக் கடந்து வின்னிபெக்கில் ஒரு யார்ட்டில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் படுத்தான். அன்றிரவு மைனஸ் 31. காலையில் ஸ்டார்ட் ஆனது, சில நிமிடத்தில் திணறித் திணறி நின்றுவிட்டது. "மாமா, பற்றரி நல்லா இருக்கு, சுத்துது, ஆனா பிடிக்குதில்லை" என்று போன் எடுத்தான். பில்டரைக் கழற்றிப் படம் அனுப்பச் சொன்னேன். வெள்ளையாக மெழுகு அப்பியிருந்தது. பில்டரை மாற்றி, ட்ரக்கைச் சூடான கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டுபோய் வைத்துத்தான் ஓடச் செய்தார்கள். ஊருக்குள் நின்றதால் தப்பினான். இதே ட்ரக் 17ஆம் நெடுஞ்சாலையில் கெனோராவுக்கும் தண்டர் பேக்கும் நடுவே காட்டுக்குள் நின்றிருந்தால் ட்ரக்குக்குள் இருக்கிற படுக்கை அறையின் சூடும் கொஞ்ச நேரத்தில் போயிருக்கும். அவனுக்கு அந்த டீசலைப் பற்றிக் கம்பனியில் யாரும் சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

உறையாமல் தடுக்கிற மருந்து கடையில் விற்கிறது. ஆனால் டீசல் தெளிவாக இருக்கும்போதே, நிரப்புகிற இடத்திலேயே ஊற்ற வேண்டும். மெழுகு திரண்ட பிறகு அந்த மருந்து வேலை செய்யாது. குளிர்ப் பக்கம் போக முன் தாங்கியைக் காலியாக விட்டுக்கொண்டு போய், வடக்கே பனிக்கால டீசலால் நிரப்புவது இன்னும் நல்லது. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற கிண்ணத்தின் அடிக்குழாயை ஒவ்வொரு நாளும் திறந்து வடிக்க வேண்டும். அந்தச் சிறுதண்ணீர் பனிக்கட்டியானாலும் வழி அடைபடும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். எங்கள் வயதுக்காரர் யாரிடம் கேட்டாலும் டீசலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விடு என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. அங்கே குளிருக்கு விற்கிற முதலாம் இலக்க டீசல் மண்ணெண்ணெய்க்கு மிகக் கிட்டிய சரக்குத்தான். ஆனால் இன்றைய எஞ்சின்களின் புகைக்குழாய்க்குள் இருக்கிற வடிகட்டிக்கு மண்ணெண்ணெயில் இருக்கக்கூடிய கந்தகம் ஆகாது, பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலின் வழுவழுப்பு வேண்டும். ஆகவே கண்ட மண்ணெண்ணெயையும் ஊற்றக்கூடாது. பெற்றோல் கலப்பது அதைவிட மோசம்.

ஓயிலுக்கு வருகிறேன். இங்கே எல்லா லொறிக்கும் நாங்கள் விடுகிற 15டபிள்யூ-40 ஓயிலின் குளிர்ச் சோதனை மைனஸ் 20இல்தான் செய்யப்படுகிறது. 5டபிள்யூ ஓயிலுக்கு மைனஸ் 30, 0டபிள்யூ ஓயிலுக்கு மைனஸ் 35. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற இலக்கம் குறையக் குறையக் கூடிய குளிரைத் தாங்கும், அதைப் பார்த்து வாங்கினால் சரி. பற்றரி மைனஸ் 18இல் தன் பலத்தில் பாதிக்கும் கீழே போய்விடும். ஓயில் தடித்து எஞ்சின் சுற்ற மறுக்கிற அதே காலையில்தான் இதுவும் பலமிழந்து நிற்கும். சார்ஜ் இறங்கிய பற்றரி உறைந்து வெடிக்கவும் செய்யும்.

ட்ரக்கின் முன்பக்கக் கிறிலில் ஒரு மின்செருகி தொங்குவதைப் பார்த்து இது எதற்கு என்று எங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். அதுதான் எஞ்சினை மின்சாரத்தில் சூடாக்கி வைக்கிற புளொக் ஹீற்றரின் செருகி. புறப்பட மூன்று நான்கு மணிநேரம் முன் செருகிவிட வேண்டும். செருகியதும் காதைக் கிட்ட வைத்துக் கேளுங்கள், உள்ளே மெல்லிய இரைச்சல் வரும். வராவிட்டால் ஹீற்றரோ வயரோ பழுதாகியிருக்கக்கூடும், அன்றே பார்க்க வேண்டும். சாதாரண எக்ஸ்டென்ஷன் வயர் அந்தக் குளிரில் கம்புபோல் விறைத்து வெடிக்கும், குளிருக்கென்று செய்த வயர்தான் வேண்டும். ஸ்டார்ட் ஆகவில்லை என்று சட்டென்று தீப்பற்றுகிற ஈதர் ஸ்பிரேயை அடிப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். காற்றைச் சூடாக்கும் கம்பி உள்ள எஞ்சினில் அடித்தால் உள்ளேயே வெடிக்கும்.

காற்று பிரேக்கின் தாங்கிகளில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்து விடவேண்டும். புகையைச் சுத்தமாக்கத் தனித் தாங்கியில் ஊற்றுகிற யூரியா திரவம் மைனஸ் 11இல் உறைந்து பெருக்கும் என்பதால் அதன் தாங்கியைத் தளும்பத் தளும்ப நிரப்பக்கூடாது. இந்த வேலையெல்லாம் கந்தசஷ்டி விரதம் தொடங்க முன் முடிந்திருக்க வேண்டும். பனி விழுந்த பிறகு விறைத்த கையால் செய்கிற வேலை சரிவராது.

இதைப் படிப்பிக்கப் பெரிய செலவு தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வாகனம் திருத்தப் பழக்குகிற இடங்கள் இருக்கின்றன. ஐஸ்கிறீம் கடைப் பெட்டிக்குள் மூன்று சிறு போத்தலை ஓர் இரவு வைக்கச் சொல்லுங்கள்: ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் பாதிக்குப் பாதி கூலன்ட், ஒன்றில் எங்கள் டீசல். என் கராஜில் பழகும் பெடியளுக்கு நான் அப்படித்தான் காட்டுகிறேன். தண்ணீர்ப் போத்தல் வெடித்திருக்கும், டீசல் போத்தலைக் கவிழ்த்தாலும் வராது, கூலன்ட் மட்டும் அப்படியே ஆடும். கனடாவில் பல வருடமாக ட்ரக் ஓட்டுகிற எங்கள் ஊர்க்காரர் எத்தனையோ பேர் ஆடி மாதம் கோயில் திருவிழாவுக்கு வருகிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு ஒரு பின்னேரம் பேச வைத்தாலே போதும். இங்கே லொறி வைத்திருப்பவர்களும் கேட்கட்டும். கூலன்ட் ஊற்றினால் எங்கள் ரேடியேற்றரும் நெடுநாள் உழைக்கும்.

அதுவரை, இந்த ஐப்பசியில் புறப்படுகிற பிள்ளைகளுக்கு: வேலைக்குச் சேர்ந்த அன்றே கம்பனியில் மூன்று கேள்வி கேளுங்கள். கூலன்ட் எத்தனை பாகைக்குத் தாங்கும், எஞ்சினில் என்ன ஓயில் இருக்கிறது, இரவில் ஹீற்றரை எங்கே செருகுவது. இதற்குப் பதில் கிடைக்காத ட்ரக்கை மார்கழியில் வடக்கே எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இப்படிக்கு,
லொறி மெக்கானிக் ஒருவர்,
கரடிப்போக்கு, கிளிநொச்சி.