அட்வான்ஸ் போனால் எங்கே போவது?

ஆசிரியருக்கு,

பெங்களூரில் மனைக்கு அட்வான்ஸ் கொடுத்து ஏமாறும் தமிழர் பலர் முதலில் ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரக் கேட்க வேண்டிய இடம் சிவில் கோர்ட். கிரயத்துக்குக் குறித்த தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தேதி இல்லையென்றால், விற்பவர் மறுத்தது தெரிந்த நாளிலிருந்து.

குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 2018 திருத்தத்துக்குப் பின், கிரயம் செய்து தரச் சொல்லும் இந்த நிவாரணம் பழையபடி நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டதல்ல. ஆனாலும் மீதிப் பணத்தோடு தயாராக இருந்ததை வாங்குபவர் நிரூபிக்க வேண்டும். பலர் தோற்பது இங்கேதான்: பாக்கி நாற்பது லட்சம், பாஸ்புக்கில் பத்தாயிரம், கடன் அனுமதிக் கடிதமும் கிடையாது!

கிரயம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தரும்படி மாற்றுக் கோரிக்கையையும் மனுவில் எழுதுங்கள். கேட்காததை, அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, கோர்ட் தராது. விட்டுப்போனால் திருத்த மனு போடலாம்.

- வழக்கறிஞர், அல்சூர், பெங்களூரு