அலுவலக அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

கல்லூரியில் சேர்ந்த மாணவர்கள் ஒன்பது பேருக்கும் ரசீது வந்துவிட்டது. சமூகப்பணி முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ.வின் முதல் பருவக் கட்டணம் கட்டியாகிவிட்டது. கல்விக் கடனுக்காக அலைந்த கடைசி இரண்டு வாரம் எப்படிப் போனது என்று இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும். அதை மறுபடி சொல்லத் தெம்பில்லை. நெஞ்சு ஆறுவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கும் அக்காவுக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், பரிந்து பேசியவர்கள் இருக்கிறார்கள். அக்கா செய்தது ஒரு கடிதத்தை மறுபடி தட்டச்சு செய்து தந்தது. அந்தக் கடிதம் இல்லையென்றால் மற்ற உதவிகள் எல்லாம் பாதி வழியிலேயே நின்றிருக்கும்.

கல்விக் கடனுக்கு வங்கி முதலில் கேட்பது கல்லூரியின் செலவு மதிப்பீட்டுக் கடிதம். வழக்கமாக அதில் இரண்டே வரிதான் இருக்கும்: கல்விக் கட்டணம் இவ்வளவு, இதரக் கட்டணங்கள் இவ்வளவு. பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் செலவைத் தலைப்புத் தலைப்பாகப் பிரித்துப் பார்க்கிறது. கல்விக் கட்டணம், விடுதி, தேர்வுக் கட்டணம், நூலகக் கட்டணம் எல்லாம் ஒரு வகை. இவற்றுக்குத் தனி உச்சவரம்பு இல்லை. திருப்பித் தரும் வைப்புத்தொகை போன்றவை மொத்தக் கல்விக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். புத்தகம், கணினி, கல்விச் சுற்றுலா, செயல்திட்டம், ஆய்வேடு ஆகியவை எல்லாம் சேர்ந்து 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சமூகப்பணி படிப்பவர்கள் அடிபடுவது இந்த 20 சதவீதத்தில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஆண்டுக்குக் கல்விக் கட்டணம் 1,20,000 ரூபாய் என்றால் வரம்பு 24,000. தேர்வு, நூலகக் கட்டணம் பருவத்துக்கு 3,000 வீதம் நான்கு பருவத்துக்கு 12,000. இதை ‘இதரக் கட்டணங்கள்’ என்ற வரியில் போட்டுவிட்டால், வங்கி அதிகாரி அதை 24,000-க்குள்தான் சேர்ப்பார். வரம்பில் பாதி அங்கேயே போய்விடும். அதே தொகையை அதன் சொந்தத் தலைப்பில் எழுதினால் 24,000 முழுதாகக் கையில் நிற்கும். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. வரிகளைப் பிரித்து எழுதியது மட்டும்தான்.

அக்காவுக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, “திரும்பி வந்த கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்திருந்தேன், படித்துப் பார்த்தேன்” என்றார். அவ்வளவுதான். யாரும் அந்த வேலையை அவரிடம் கொடுக்கவில்லை.

களப்பணிக்கு என்று ஒரு வரி சேர்த்ததும் அவர்தான். வாரம் இரண்டு நாள் களப்பணி, பருவத்துக்கு 15 வாரம் என்று வைத்தால் 30 நாள். நான்கு பருவத்துக்கு 120 நாள். போக வர 60 ரூபாய் ஆகும் இடம் என்றால் பேருந்துக்கு மட்டும் 7,200. மாணவர் பஸ் பாஸ் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையிலான வழித்தடத்துக்குத்தான். தொண்டு நிறுவனத்துக்கோ மனநலக் காப்பகத்துக்கோ போக அது உதவாது. பெண்களுக்கான கட்டணமில்லா விடியல் பயணம் சாதாரண நகரப் பேருந்தில்தான் செல்லும். ஊரைத் தாண்டிய கிராமத்தில் களப்பணி விழுந்தால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். இதன் மேல் கிராம முகாம், கல்விச் சுற்றுலா, தொடர் களப்பணி நடக்கும் மாதத்தில் வெளியூர் தங்கல், ஆய்வேட்டுக்கு அச்சும் பைண்டிங்கும். இதில் எதுவும் கட்டணச் சீட்டில் வராது. இரண்டாம் ஆண்டில் படிப்பை விடுபவர்களைக் கேட்டுப் பாருங்கள், கல்விக் கட்டணத்தைவிட இந்தச் சில்லறைச் செலவுகளைத்தான் அதிகம் சொல்வார்கள்.

வங்கி இதை ஏற்க வேண்டுமானால் ஒரு சொற்றொடர் தேவை: ‘பட்டம் பெறக் கட்டாயமானது’. களப்பணி விருப்பத்துக்குச் செய்வது இல்லை, மதிப்பெண் உள்ள பாடம், அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது என்று பாடத்திட்டப் பக்கத்தின் நகலோடு அக்கா எழுதினார். அதோடு ஒவ்வொரு பருவத்துக்கும் தொகை தனியாக, கட்ட வேண்டிய கடைசி நாள் தனியாக. கல்லூரியின் வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் தேசிய அமைப்பான நாக் (NAAC) தந்த தரச்சான்றின் காலவரை எல்லாம் அதே தாளில். வங்கி கட்டணத்தை மாணவர் கையில் தராது, கல்லூரிக் கணக்குக்கே அனுப்பும். கணக்கு விவரம் இல்லாவிட்டால் ஒப்புதல் ஆன கடனும் அப்படியே கிடக்கும்.

பெயர் விஷயத்தையும் அவர்தான் கவனித்தார். பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் முன்னால், ஆதாரில் இனிஷியலே இல்லை, பான் அட்டையில் அப்பா பெயர் விரித்துப் பின்னால். நம் ஊரில் இது எல்லா வீட்டிலும் உள்ளது; வங்கியின் கணினிக்கு மூன்றும் மூன்று ஆள். ஒன்பது பேரின் தாள்களையும் மேசையில் பரப்பி, எதில் என்ன எழுத்து என்று பென்சிலால் குறித்து, மூன்றும் ஒரே நபர்தான் என்று ஒவ்வொருவருக்கும் தனிச் சான்று அடித்தார். கல்லூரி முத்திரை மங்கலாக விழுந்தால் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதால் காய்ந்துபோன மைப்பெட்டியில் மை ஊற்றி மறுபடி குத்தினார். அன்று சனிக்கிழமை. முதல்வர் கையெழுத்துப் போட வரும்வரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அக்கா, ஒருமுறை அனுமதித்த கடன் தொகையைப் பிறகு கூட்டுவது எவ்வளவு பாடு என்று வங்கி வாசலில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். முதல் கடிதம் சரியாக இருந்ததால் இந்த ஒன்பது பேரும் இரண்டு ஆண்டுக்கு அந்த வாசலில் மறுபடி கெஞ்ச வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ‘உங்கள் ஊர் எங்கள் கிளை எல்லைக்குள் வராது’ என்ற பதிலைக் கேட்டு மாணவர்கள் திரும்பியபோது, கல்விக் கடனுக்கு அந்த எல்லைக் கணக்கு பொருந்தாது என்று எடுத்துச் சொன்ன ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஐயாவுக்கு. விண்ணப்பத்தை மறுத்தால் கிளை மேலாளருக்கு மேலே உள்ளவர் ஒப்புதலோடு, காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். எழுத்தில் கேட்ட பிறகு பல மறுப்புகள் மறுப்பாகவே இருக்கவில்லை. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பத்தை உட்கார்ந்து பதிந்து தந்த இ-சேவை மையத் தம்பிக்கு. பதிந்ததோடு விடாமல் அச்சுப்படியோடு கிளைக்கு நேரில் போகச் சொன்னதற்குத் தனி நன்றி. உதவித்தொகை ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் வரும் என்பதால் வீடு தேடி வந்து அஞ்சலக வங்கிக் கணக்கு தொடங்கித் தந்த தபால்கார அண்ணனுக்கு. இளங்கலையோடு புதுமைப் பெண் உதவி நின்றுபோன மாணவிகளுக்கு மாதச் செலவைப் பார்த்துக்கொண்ட மூத்த மாணவிகளுக்கு. களப்பணி நாளில் மதியச் சாப்பாடு போடும் தொண்டு நிறுவனச் சமையலறைக்கு. பெயர் சொல்லாமல் தேர்வுக் கட்டணம் அனுப்பியவர்களுக்கு.

இனி என்ன செய்யப் போகிறோம் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறோம், பிறகு பின்வாங்காமல் இருக்க. சமூகப்பணி முடித்தவர்களின் முதல் சம்பளம் பெரிதாக இருக்காது. 1,50,000 ரூபாய்க் கடன் நான்கு பருவமாக 37,500 வீதம் 10 சதவீத வட்டியில் வருகிறது என்று வையுங்கள். படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மூன்று ஆண்டில் சேரும் வட்டி 33,750. அது அசலில் சேர்ந்தால் ஏழு ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 3,050. வட்டியை அவ்வப்போது கட்டிவந்தால் சுமார் 2,490. மாதம் 560 ரூபாய், ஏழு ஆண்டுக்கு. வட்டியை இடையில் கட்டுபவர்களுக்கு 1 சதவீதம் சலுகை தரும் வழக்கமும் உண்டு.

முதல் பருவத்தில் அந்த வட்டி மாதம் 312 ரூபாய் 50 காசு. நான்காம் பருவத்தில் 1,250. ஆண்டுக்கு ஒருமுறை ஓடி ஓடி யாரோ ஒருவருக்கு முழுக் கட்டணம் திரட்டுவதைவிட, ஒன்பது பேருக்கும் மாதாமாதம் இந்த வட்டியைக் கட்டுவது எங்களால் முடிகிற காரியம். வட்டி மானியத் திட்டத்தில் இடம் கிடைப்பவர்களுக்கு இது தேவைப்படாது. கிடைக்காதவர்களுக்கு, இந்த மாதத்திலிருந்து, நேராகக் கடன் கணக்கிலேயே கட்டுகிறோம். களப்பணிப் பேருந்துச் செலவுக்கு ஒரு சிறு தொகை துறைத்தலைவரிடம் இருக்கும். ரசீது கேட்க மாட்டோம், பேருந்து டிக்கெட்டைக் காட்டச் சொல்லி யாரையும் கூனிக்குறுக வைக்க மாட்டோம்.

அக்கா, இரண்டாம் பருவத்துக்கு வங்கி முதல் பருவத் தேர்வு முடிவைக் கேட்கும். மதிப்பெண் பட்டியல் தாமதமானால் இணையத்தில் வந்த முடிவை அச்செடுத்து முதல்வர் சான்றொப்பத்தோடு கொடுக்கலாமா என்று கிளையில் இப்போதே கேட்டு வைக்கிறோம். முடிவு வந்த மறுநாளே ஒன்பது பேரின் தாளோடும் உங்கள் மேசைக்கு வருவோம். முத்திரைக்கு மை நாங்கள் வாங்கி வருகிறோம்.