ஐபேடை மேக்கோடு சேர்ப்பது பற்றி

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஐபேடில் நீ சேர்த்து வைத்திருக்கும் சிந்தசைசர் ஆப்களை மேக்கில் ரெக்கார்ட் செய்ய என்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். அநேகமாக எதுவும் வாங்க வேண்டாம். சார்ஜ் ஏற்றும் கேபிளே போதும், அதில் டேட்டாவும் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். மின்சாரம் மட்டும் போகும் கேபிளை மாட்டினால் மேக்குக்கு ஐபேட் இருப்பதே தெரியாது.

இந்த இணைப்புக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. ஒலி ஐபேடிலிருந்து மேக்குக்கு வர வேண்டும். எந்த நோட், எவ்வளவு அழுத்தம் என்ற மிடி செய்தி மேக்கிலிருந்து ஐபேடுக்குப் போக வேண்டும். இரண்டும் ஒரே டெம்போவில், அதாவது ஒரே தாள வேகத்தில், ஓட வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் மாட்டிவிட்டு முழிக்காதே. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் கோளாறு எங்கே என்று உடனே பிடிபடும்.

முதலில் ஒலி. கேபிளை மாட்டி, மேக்கில் உள்ள ஆடியோ மிடி செட்டப் என்ற ஆப்பைத் திற. ஆடியோ டிவைசஸ் பட்டியலில் ஐபேட் தெரியும். பக்கத்தில் உள்ள எனேபிள் பொத்தானை அழுத்தினால் அது இரண்டு சேனல் இன்புட்டாக மாறிவிடும். அந்த நிமிடமே ஐபேடின் ஸ்பீக்கர் அடங்கிவிடும், பயந்துவிடாதே. ஒலி இப்போது கேபிள் வழியாகப் போகிறது, ரெக்கார்டிங் டிராக்கில் மானிட்டரிங்கைப் போட்டால்தான் காதில் விழும். மைக்கையும் ஸ்பீக்கரையும் மாட்டும் உன் ஆடியோ இன்டர்ஃபேஸும் கூடவே வேண்டுமென்றால், அதே செட்டப்பில் இரண்டையும் ஒரே கருவியாகக் காட்டும் அக்ரிகேட் டிவைஸ் ஒன்றை உருவாக்கு. கிளாக் சோர்ஸாக இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்து, ஐபேடுக்கு எதிரே டிரிஃப்ட் கரெக்‌ஷனை டிக் செய். டிக் செய்யாமல் விட்டால் இரண்டு கடிகாரங்களும் மெல்ல மெல்ல விலகும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘டிக்’ என்ற சத்தம் ரெக்கார்டிங்கில் ஏறிவிடும்.

சாம்பிள் ரேட்டில், அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பதில், பிடிவாதமாக இரு. ஐபேட் வழக்கமாக 48,000-ல் ஓடும். புராஜெக்டையும் முதலிலேயே 48,000-க்கு மாற்றிவிடு. 48,000-ல் பதிந்த ஃபைலை 44,100 என்று நினைத்து ஒரு மென்பொருள் வாசித்தால் வேகம் குறையும், சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் இறங்கிவிடும்.

அடுத்தது மிடி. எனேபிள் செய்த அதே கேபிளிலேயே இதுவும் போகும். மேக்கில் ஐபேட் ஒரு மிடி போர்ட்டாக வரும், ஐபேடில் அதற்கு ஐடாம் மிடி ஹோஸ்ட் என்று பெயர். ஏயுஎம் மாதிரி ஒரு மிக்ஸர் ஆப் வைத்திருந்தால் அங்கிருந்து ஒவ்வொரு சிந்துக்கும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பலாம். பல ஆப்கள் 16 சேனல்களையும் ஒருசேரக் கேட்கும் நிலையிலேயே வரும். அதை மாற்றாமல் விட்டால் பேஸ் சிந்துக்கு அனுப்பிய நோட்டைப் பின்னணியில் நீண்டு ஒலிக்கும் பேட் (pad) சிந்தும் சேர்ந்து வாசிக்கும். இன்னொன்று: மேக்கில் ஐபேட் போர்ட்டின் இன்புட்டை அணைத்துவிடு. வந்த நோட்டையே சில ஆப்கள் திருப்பி அனுப்பும். அது ஆர்ம் செய்த (ரெக்கார்டிங்குக்குத் தயாராக வைத்த) டிராக் வழியாக மறுபடி ஐபேடுக்குப் போய்ச் சுற்றத் தொடங்கினால் நோட்டுகள் இரட்டிக்கும், சில நிற்காமல் தொங்கும்.

டெம்போவுக்கு என் ஓட்டு ஏபிள்டன் லிங்குக்குத்தான். டெம்போவைச் சொல்லும் பழைய வழியான மிடி கிளாக் ஒரு பீட்டுக்கு 24 துடிப்புகள் அனுப்பும். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 பீட்) அது விநாடிக்கு 48. வைஃபையில் துடிப்புகள் முன்னே பின்னே வந்தால் ஆப்பில் டெம்போ எண் ஆடிக்கொண்டே இருக்கும், டிலே எஃபெக்டுகளின் சுருதி நெளியும். லிங்க் துடிப்புகளை அனுப்புவதில்லை. கருவிகள் ஒரே காலக்கோட்டைப் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொன்றும் தானாகவே எண்ணிக்கொள்ளும். இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். ஆப் கண்ணில் படவில்லை என்றால் ஐபேட் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு லோக்கல் நெட்வொர்க் அனுமதி இருக்கிறதா என்று பார். பெரும்பாலும் காரணம் அதுதான். மேக்கில் உள்ள மென்பொருளுக்கு லிங்க் இல்லையென்றால் மிடி கிளாக்கைக் கேபிள் வழியாக அனுப்பு. ஒரே ஆப்புக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதே.

இனி லேட்டன்சி, அதாவது தாமதம். பலரும் இங்கேதான் அசட்டையாக விடுகிறார்கள். நோட் மேக்கிலிருந்து ஐபேடுக்குப் போய், அங்கே பஃபரில் (ஒலியைச் சிறிது சேர்த்து வைக்கும் இடத்தில்) காத்திருந்து, ஒலியாகத் திரும்பி, மேக்கின் பஃபரிலும் காத்திருக்கிறது. 48,000-ல் 256 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு பக்கம் மட்டுமே 5.3 மில்லி விநாடி. ஐபேடுக்குள் எவ்வளவு நேரம் போகிறது என்பது மேக்குக்குத் தெரியாததால் அது தானாக ஈடுகட்டாது. நீதான் அளக்க வேண்டும். டிரம்மின் ரிம்ஷாட் அடி போலச் சட்டென்று எழும் ஒரு சத்தத்தைத் தேர்ந்தெடு. ஒரு தாள வட்டத்தின் (bar) தொடக்கக் கோட்டில் ஒரே ஒரு மிடி நோட் வைத்து, திரும்பி வரும் ஒலியைப் பதிவு செய். பெரிதாக்கிப் பார்த்து, அந்தக் கோட்டுக்கும் சத்தம் எழும் இடத்துக்கும் நடுவே எத்தனை சாம்பிள் என்று எண்ணு. 480 என்றால் 10 மில்லி விநாடி. ஏபிள்டன் லைவ் மென்பொருள் என்றால் அதில் எக்ஸ்டர்னல் இன்ஸ்ட்ருமென்ட்டின் ஹார்ட்வேர் லேட்டன்சியில் அந்த எண்ணைப் போடு. வேறு மென்பொருள் என்றால் பதிந்த கிளிப்பை அந்த அளவு முன்னதாக, இடப்பக்கம் நகர்த்து. பஃபரை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

பாட்டைப் பதிய உட்காரும் முன் ஐபேடில் ஆட்டோ லாக்கை அணை, நோட்டிஃபிகேஷன்களை நிறுத்து, ஆப்பில் பேக்ரவுண்ட் ஆடியோவைப் போடு. இல்லையென்றால் வேறு ஆப்புக்குப் போனதும் சத்தம் நின்றுவிடும்.

கேபிளில் இரண்டே சேனல்கள் என்பது ஒரு குறைதான். பேஸை முழுக்க இடப்பக்கமும் லீடை முழுக்க வலப்பக்கமும் பேன் செய்து, மேக்கில் இரண்டு மோனோ டிராக்காகப் பதிந்தால் ஒரே ஓட்டத்தில் இரண்டு கிடைக்கும். ரிவெர்பை (எதிரொலி எஃபெக்டை) மட்டும் அப்போது அணைத்துவிடு, அது இரண்டு பக்கமும் கசியும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒலியாகவே பதிந்து வைத்துக்கொள். ஆப் புதுப்பிக்கப்பட்டால் அதே சத்தம் மறுபடி கிடைக்கும் என்று நம்ப முடியாது. மிடி டிராக்கையும் அழிக்காதே. ஃபைலாக அனுப்புவதென்றால் 24 பிட் வேவ் மட்டும். எம்பி3 தொடக்கத்தில் சிறு மௌனத்தைச் சேர்க்கும், டிராக் பின்னுக்குத் தள்ளிப்போகும்.

உன் தம்பியின் விண்டோஸ் கணினிக்கு இந்த எனேபிள் வழி கிடையாது. மிடிக்கு ஆர்டிபிமிடி என்ற மென்பொருளை நெட்வொர்க்கில் பயன்படுத்தட்டும். ஒலியை ஐபேடிலிருந்து லைன் அவுட்டாக எடுத்து இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் கொடுத்தால் போதும். சார்ஜ் ஏறும்போது உறுமல் கேட்டால் நடுவே ஒரு டிஐ பாக்ஸ் (மின் இணைப்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் சிறு பெட்டி) வைக்கச் சொல்.

இன்றைக்கே அளந்து பார்த்து எத்தனை சாம்பிள் வந்தது, பஃபர் எவ்வளவு வைத்தாய் என்று எழுது. சாம்பிள் ஆயிரத்தைத் தாண்டினால் செட்டிங்ஸின் படங்களையும் அனுப்பு, சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
சேகர்