தையல் கடைத் துண்டுகளுக்கு ஒரு வழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன் சிராங்கூன் சாலைப் பக்கம் ரவிக்கை தைக்கக் கொடுக்கச் சென்றபோது, வெட்டி எஞ்சிய பட்டு, பருத்தித் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகக் காத்திருந்ததைக் கண்டேன். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சேர்ந்த ஏறத்தாழ 189,000 டன் துணி, தோல் கழிவில் 4 விழுக்காடே மறுசுழற்சி செய்யப்பட்டது. எஞ்சியது எரிக்கப்பட்டு, சாம்பல் செமக்காவ் குப்பை நிரப்பிடத்தைச் சேர்கிறது. அவ்விடமோ 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என எதிர்பார்க்கப்படுகிறது.

பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியின் இழைகளைப் பிரிப்பது கடினம். தூய பருத்தியைக்கூட இயந்திரத்தில் கிழித்து மீண்டும் நூலாக்கும்போது இழை குட்டையாகி வலுக்குறைவதால், பெரும்பாலும் புதுப் பஞ்சைக் கலக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, துணியைத் துணியாகவே மறுபடி பயன்படுத்தும் ஆடை வடிவமைப்பே சிக்கனமானது என்பது என் கருத்து. பாட்டியின் பழைய பட்டுப்புடவையைப் பேத்திக்குப் பாவாடையாக்கும் பழக்கம் (அதற்கு அன்று யாரும் பெரிய பெயர் சூட்டவில்லை) நமக்குப் புதிதன்று. வடிவமைப்பு மாணவர்கள் இத்துண்டுகளை நிறம், இழைவகை வாரியாகப் பிரித்துத் தையல் கடைகளிலிருந்து பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைச் சமூக மன்றங்கள் தொடங்கிவைக்குமா?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், ஈசூன்