இரண்டு சென்டிமீட்டர் எலும்புத் துண்டுக்காகக் கைகொடுத்தவர்களுக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம், குளச்சல் வட்டாரத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தபின், அது மஜ்ஜைக்கும் பரவியிருக்கிறதா என்று அறிய இடுப்பெலும்பில் ஊசி நுழைத்து மஜ்ஜையும் சிறு எலும்புத் துண்டும் எடுப்பார்கள். அந்த எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்குப் போகிறவர்களோடு துணைக்குச் செல்கிற நாங்கள், இதுவரை எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு எழுதும் நன்றி மடல் இது. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. செய்த வேலையைச் சொன்னாலே அவரவருக்குத் தெரிந்துவிடும். இனிமேல் இந்தப் பரிசோதனைக்குப் போகப்போகிற குடும்பங்களும் வாசிக்கக்கூடும் என்பதால், எந்த உதவி எதற்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதல் நன்றி, பயத்தை இறக்கிவைத்தவர்களுக்கு. "முதுகுல ஊசி குத்துனா காலு வெளங்காம போயிரும்" என்ற பேச்சு எந்த வார்டு வராந்தாவிலும் காதில் விழும். பேசிப் பயனில்லை என்று கண்ட செவிலியர்கள், நோயாளியின் கையைப் பிடித்து அவருடைய இடுப்பிலேயே இடத்தைத் தொட்டுக் காட்டினார்கள். முதுகின் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் ஏறக்குறைய மூன்று விரல் தள்ளி, இடுப்புக்குக் கீழே கட்டியாகத் தட்டுப்படும் எலும்பு மேடு அது. ஊசி அங்கேதான் போகிறது. தண்டுவடம் அதற்கு வெகு மேலேயே முடிந்துவிடுகிறது. மஜ்ஜையை எடுத்தால் உடம்பு வற்றிவிடும் என்பது இன்னொரு பயம். எடுப்பது மொத்தமே ஒன்றிரண்டு தேக்கரண்டி; உடம்பு அதைச் சில நாளில் ஈடுசெய்துவிடும். பெரிய சிக்கல் வருவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. இதைப் பதறாமல், ஒரே பதிலை மூன்று தடவை கேட்டாலும் மூன்று தடவையும் சொன்னவர்களை மறக்க மாட்டோம்.

இந்தப் பரிசோதனை தேவையில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய மருத்துவர்களுக்கும் அதே அளவு நன்றி. லிம்போமாவில் பல வகை உண்டு. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற வகையில், உடம்பில் நோய் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் சி.டி. படம் எடுத்துவிட்டால் பெரும்பாலும் மஜ்ஜை ஊசி வேண்டியதில்லை என்பது, லிம்போமாவின் நிலையைக் கணிக்க 2014இல் வெளிவந்த லுகானோ வகைப்பாட்டிலேயே உண்டு. பெரிய பி செல் லிம்போமா என்ற வேகமாக வளரும் வகையிலும் பெட் படத்தில் எலும்புக்குள் நோய் தெளிவாகத் தெரிந்தால் ஊசியைத் தவிர்க்க முடிகிறது. மெதுவாக வளரும் வகைகளில் நிலைமை வேறு. அங்கே மஜ்ஜையில் நோய் ஒளிந்திருப்பது சகஜம், படத்தில் தெரியாமலும் போகும். ஆகவே "பெட் எடுத்திருக்கோம் டாக்டர், இதுவும் வேணுமா?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு தனி நன்றி. மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும் "இதுல ஈகோஸ்பிரின் இருக்கே, ஊசிக்கு முன்னால டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டவர்கள் நீங்கள். ஈகோஸ்பிரின் என்பது ஆஸ்பிரின்தான். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையவிடாத மருந்துகளைச் சொல்லாமல் மறைத்தால் ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கட்டக்கூடும். அதற்காகத் தானாக நிறுத்திவிடுவதோ அதைவிட ஆபத்து, முக்கியமாக இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு. எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, நிறுத்தவே வேண்டாமா என்பதை இதய மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். வார்ஃபரின் எடுப்பவருக்கு, இரத்தம் உறைய எவ்வளவு தாமதிக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்க்காமல் ஊசி கிடையாது. இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருக்கின்றன என்பதற்காக மட்டும் பரிசோதனை நின்றுவிடாது. ஊசிக்குப் பிறகு அழுத்திப் பிடிக்கும் நேரம் கூடும், அவ்வளவுதான்.

சர்க்கரை நோயாளிகளைப் பட்டினியோடு கூட்டிவராதபடி தடுத்தவர்களையும் நினைக்கிறோம். இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்வதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டியதில்லை. காலையில் கஞ்சியும் பயறும் சாப்பிட்டுவிட்டே வரலாம். மயக்கம் கொடுத்துச் செய்வதாக இருந்தால்தான் பட்டினி; அதை முந்தைய நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறினால், ஊசி அறைக்குப் போகுமுன்பே தலைசுற்றி விழ நேரும். உடை விஷயத்தையும் சிலர் முன்கூட்டியே யோசித்துச் சொன்னார்கள்: நைட்டி முழுவதையும் மேலே தூக்க வேண்டிவரும், நாடா வைத்த பாவாடை அல்லது லுங்கி என்றால் இடுப்பு வரை தளர்த்தினால் போதும். பெண் நோயாளிகளுக்கு அது எத்தனை பெரிய நிம்மதி என்பது கூட நின்றவர்களுக்குத் தெரியும்.

இனி ஊசி அறை. மரப்பு ஊசி போட்டுவிட்டு, வெளியே வரிசை நீண்டாலும், மூன்று நான்கு நிமிடம் முழுசாகக் காத்திருந்த மருத்துவர்களுக்கு எங்கள் கும்பிடு. லிக்னோகெய்ன் என்கிற மரப்பு மருந்து தோலில் மட்டும் இறங்கினால் போதாது. எலும்பின் மேலுறையில் காசளவு வட்டத்துக்குப் பரவி மரக்க வேண்டும். அவசரப்பட்டால் வலிப்பது அங்கேதான். மேலுறை நன்றாக மரத்துவிட்டாலும், சிரிஞ்சில் மஜ்ஜையை உறிஞ்சும் சில நொடிகளுக்குத் தொடை வரை சுண்டி இழுக்கும். எலும்பின் உட்பகுதியை மரக்கவைக்க வழியில்லை. "இப்ப இழுக்கப் போறேன், மூச்சை மெதுவா விடுங்க, அனங்காம கிடங்கம்மா" என்று அந்த நொடிக்குச் சற்று முன்பு சொல்லும் குரல் பாதி வலியைக் குறைத்துவிடுகிறது. திருவனந்தபுரத்துக்குப் போனவர்களுக்கு அந்தக் குரல் மலையாளத்தில் வந்தபோது, பக்கத்தில் நின்று நம் பேச்சில் சொன்ன விளவங்கோட்டுப் பிள்ளைகளுக்கும் நன்றி.

ஆய்வக டெக்னீஷியன்களைப் பற்றி நீளமாக எழுத வேண்டும். இவர்களுடைய வேலையை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் முடிவு சரியாக வருவதும் வராததும் பெரும்பாலும் இவர்கள் கையில்தான். முதல் இழுப்பில் அரை மில்லிலிட்டர் அளவே எடுத்து உடனே கண்ணாடித் தகட்டில் தேய்க்க வேண்டும். அதற்குமேல் இழுத்தால் சாதாரண இரத்தம் கலந்து மஜ்ஜை நீர்த்துவிடும்; ஒரு நிமிடம் தாமதித்தால் உறையத் தொடங்கிவிடும். அதனால்தான் தகடுகளை வரிசையாகப் பரப்பிவைத்துக்கொண்டு டெக்னீஷியன் கட்டிலருகே நிற்கிறார். ஆனி மாதத்திலும் ஐப்பசியிலும் நம் ஊரில் காற்றே ஈரமாக இருக்கும். அந்த நாட்களில் தகடு மெதுவாகக் காய்ந்தால் செல்கள் உருக்குலையும். கையில் பிடித்து விசிறிக் காயவைத்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அடுத்த சில மில்லிலிட்டர் குழாய்களுக்கு. ஊதா மூடிக் குழாய், செல்களை வகை பிரித்துக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்கு, பச்சை மூடிக் குழாய் குரோமோசோம் பரிசோதனைக்கு. எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. சில சமயம் எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் வராது. மஜ்ஜையில் நார்த்தன்மை கூடியிருந்தாலோ நோய்ச் செல்கள் இறுக அடைத்திருந்தாலோ அப்படி ஆகும். மருத்துவரின் கைக்குறை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்போது எலும்புத் துண்டையே தகட்டின்மேல் மெதுவாக ஒற்றி எடுக்கும் பதிவுதான் கைகொடுக்கும். அதை நினைவாகச் செய்தவர்களால் இரண்டாம் முறை ஊசி போடவேண்டிய நிலை தவிர்ந்தது.

அந்த எலும்புத் துண்டு தென்னை ஈர்க்கில் பருமன்தான் இருக்கும். நீளம் இரண்டு சென்டிமீட்டராவது வேண்டும். லிம்போமா மஜ்ஜையில் பரவலாக இராமல் அங்கங்கே திட்டாக இருப்பதால் குட்டைத் துண்டில் தப்பிவிடும். உறிஞ்சிய அதே துளையில் எடுத்தால் இரத்தம் கலங்கிய துண்டுதான் வரும். ஆகவே தோலில் போட்ட அதே வாயில் வழியாக ஊசியைச் சற்று நகர்த்தி எலும்பில் வேறிடத்தில் திருகுகிறார்கள். "ஒரு தடவை குத்தினது போதாதா" என்று வெளியே நின்று கேட்கும் உறவினர்களுக்கு விடை இதுதான்.

மாதிரியைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகளே, உங்களுக்கு என்ன சொல்வது! துண்டு கெடாமலிருக்க ஊற்றிவைக்கும் ஃபார்மலின் திரவக் குப்பியையும் கண்ணாடித் தகடுகளையும் ஒரே கவரில் போடக் கூடாது என்பதை ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டீர்கள். ஃபார்மலின் ஆவி பட்டால் தகட்டில் சாயம் சரியாக ஏறாது, எடுத்த பாடெல்லாம் வீண். குழாய்களை ஐஸில் புதைக்காமல், வெயிலிலும் வைக்காமல், அதே நாளில் சேர்த்தீர்கள். படிவத்தில் ஒரு இனிஷியல், குப்பியில் வேறு இனிஷியல் என்று இருந்த இடங்களில் மாதிரியைக் கொடுப்பதற்கு முன்பே நின்று திருத்தி வாங்கினீர்கள். முன்பு கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த சதையைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டைகளைப் பழைய ஆய்வகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தவர்களும் உண்டு. அந்தக் கட்டை இல்லாவிட்டால், மஜ்ஜையில் கண்டது அதே நோய்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

ஊசிக்குப் பிறகு ஐந்து பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, அரைமணி நேரம் மல்லாந்து படுக்கவைக்கிறார்கள். உடம்பின் பாரமே கட்டுப்போல நின்று இரத்தத்தை அடக்கும். கட்டு 24 மணி நேரம் நனையக் கூடாது. குளத்திலும் ஆற்றிலும் கடலிலும் இறங்குவதற்குத் துளை மூடும்வரை சில நாள் பொறுக்க வேண்டும். முட்டம், குளச்சல் பக்கத்து மீனவர் வீடுகளில் இதை எடுத்துச்சொல்லி ஆட்களைக் கரையிலேயே நிறுத்திவைத்த பங்குத்தந்தையருக்கும், அன்பியம் என்கிற பங்குக் குடும்பக் குழுவினருக்கும் நன்றி. வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். இடுப்பு வலிக்கிறது என்று வந்தவரிடம் ஊசித் தடத்தைக் கண்டதும், "இதுல எண்ண போட்டுத் தடவக்கூடாது, ஆஸ்பத்திரியிலயே காட்டுங்க" என்று திருப்பி அனுப்பிய வர்ம ஆசான்களுக்குப் பெரிய கும்பிடு. கட்டு நனைந்து இரத்தம் கசிந்தாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ, கால் மரத்தாலோ இரவென்றும் பாராமல் கூப்பிடச் சொல்லி எண் கொடுத்த செவிலியர்கள், நாங்கள் கூப்பிட்டபோதெல்லாம் எடுத்தார்கள்.

முடிவுக்குக் காத்திருக்கும் நாட்கள்தான் கொடுமை. தகட்டு முடிவு இரண்டு மூன்று நாளில் வரும். எலும்புத் துண்டின் முடிவுக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எலும்பை மென்மையாக்கினால்தான் சீவ முடியும். அதன்பிறகு, எந்த வகைச் செல் என்று காட்டும் சிடி 20, சிடி 3 போன்ற சாயங்கள் போட வேண்டும். மாதிரி தொலைந்துவிட்டதோ என்று தவித்தவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொன்னவர்களுக்கு நன்றி. மஜ்ஜையில் நோய் இருந்தால் நான்காம் நிலை என்று எழுதுவார்கள். மற்றப் புற்றுநோய்களில் அந்த எண்ணுக்கு உள்ள பொருள் லிம்போமாவில் இல்லை. மருந்து இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போவதால், நான்காம் நிலையிலும் முழுதாகக் குணமாகும் வகைகள் உண்டு. காகிதத்தை நீட்டும் முன்பே இதைச் சொல்லிவிட்ட மருத்துவர்கள் ஒரு குடும்பத்தின் இரவைக் காப்பாற்றினார்கள்.

வருமானச் சான்றுக்கு அலையவிடாத கிராம நிர்வாக அலுவலர்களுக்கும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காக ரேஷன் அட்டையையும் ஆதாரையும் வைத்துப் பெயரைச் சரிபார்த்தவர்களுக்கும் நன்றி. சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வகுப்பிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணமில்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகை உண்டு. மருத்துவமனை முத்திரையோடு அந்தப் படிவத்தை எழுதிவாங்கித் தந்தவர்களால் பல வீடுகளில் கடன் குறைந்தது.

அருமனைப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்துக்கு விடியுமுன் போய், படுத்திருந்தவருடைய பால்வெட்டு முடங்காமல் அவர் கணக்கிலேயே வெட்டிக்கொடுத்த கூட்டாளிகளுக்கு நன்றி. பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் குழியில் குலுக்கிக் கூட்டிப்போக வேண்டாம் என்றதும், களியக்காவிளையிலிருந்து தன் காரின் பின்சீட்டில் தலையணை அடுக்கிப் பையப் பைய ஓட்டிவந்தவருக்கு ஒரு சேதி: தலையணை இரண்டும் எங்களிடம்தான் இருக்கின்றன. துவைத்து, உறை மாற்றி வைத்திருக்கிறோம். வீட்டில் இருக்கும் நேரத்தைச் சொன்னால் கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
நோயாளிகளோடு துணைக்குச் செல்வோர்,
கன்னியாகுமரி மாவட்டம்